கம்பனி ஆள் என்று அனுப்பினார்கள்: பணிக்கொடை எடுத்த அனுபவம்

போன கிழமைதான் பணிக்கொடையின், அதாவது வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய காசின், இரண்டாவது காசோலை வங்கியில் மாறியது. இரண்டும் சேர்த்து 55,000 ரூபா. இதை எடுக்க ஜனவரி 2024இலிருந்து நவம்பர் வரை அலைந்தேன். என்னைப் போல வேலை போன சனம் வன்னியில் நிறைய இருக்கிறது. நான் விட்ட பிழைகளை நீங்கள் விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2015 ஆகஸ்டிலிருந்து வன்னியில் உள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடக் கட்டடம் துப்புரவாக்கும் வேலை செய்தேன். மாங்குளத்தில் காலை பஸ் ஏறினால் இருட்டுப்படத்தான் வீடு. சம்பளம் தந்தது பல்கலைக்கழகம் அல்ல, டெண்டர் எடுத்த கம்பனி. 2018 மார்ச்சில் டெண்டர் வேறு கம்பனிக்குப் போனது. அதே கட்டடம், அதே வாளி, அதே மேற்பார்வையாளர். சம்பளச் சீட்டின் தலைப்பு மட்டும் மாறியது.

2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்த பிறகு அரச செலவை எல்லா இடமும் வெட்டினார்கள். எங்கள் கட்டடத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்தோம். வெளிநாடு போன விரிவுரையாளர்களின் அறைகள் பூட்டியபடி கிடந்தன. பழுதான குளிரூட்டி பழுதானபடியே இருந்தது. பினாயில் போத்தல் மாதத்துக்கு நாலிலிருந்து இரண்டானது. 2023 முடியும்போது எங்கள் ஆள்கணக்கிலும் கை வைத்தார்கள். 22 பேரில் 9 பேர் வெளியே. நிரந்தர ஊழியர் ஒருவரும் போகவில்லை. அதனால் ஆட்குறைப்பு நடக்கவில்லை என்பதுதான் அங்கே கணக்கு. அந்த ஒன்பது பேரும் ஒரு பட்டியலிலும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

டிசம்பர் கடைசியில் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். சிங்களமும் ஆங்கிலமும். "தங்கச்சி, இதில கையெழுத்து வையுங்கோ, அப்பதான் கடைசிச் சம்பளம் போடுவினம்" என்றார். வைத்தேன். அதில் இருந்தது, நான் என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்ற வசனம். மூன்று மாதம் கழித்துத் தொழில் அலுவலகத்தில் ஒரு அதிகாரி வாசித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. முறைப்பாட்டை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கையெழுத்து வைத்ததால் அந்த வழி எனக்கு அடைபட்டுவிட்டது. வாசிக்கத் தெரியாத மொழியில் தாள் வந்தால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அடுத்தது, மூன்று காசையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஊழியர் சேமலாப நிதி, அதாவது நாங்களும் முதலாளியும் மாதாமாதம் போடும் காசு, வேலை போனதும் கைக்கு வராது. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது ஆக வேண்டும். கலியாணம் போன்ற சில காரணங்களுக்கு முன்கூட்டியும் எடுக்கலாம், அதற்குத் தனி விதி உண்டு. ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது முதலாளி மட்டும் போடும் 3 வீதம், வேலை நின்றதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். மூன்றாவது பணிக்கொடை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம்.

நம்பிக்கை நிதிக்கு விண்ணப்பித்தபோது என் பெயரில் கணக்கே இல்லை என்றார்கள். கம்பனி என் அடையாள அட்டை இலக்கத்தில் 7ஐ 1 என்று அடித்திருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு வருடக் காசு யாருடையதோ இலக்கத்தில் போய் விழுந்திருந்தது. திருத்தக் கம்பனியின் கடிதம் வேண்டும். தொலைபேசியில் கேட்டேன், "நேரே வாங்க" என்றார்கள். இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஒன்பது மணிக்குக் கம்பனி வாசலில் போய் நின்றேன். கையொப்பம் வைக்கிறவர் அன்று வரவில்லை. சீல் அவருடைய மேசை லாச்சிக்குள்ளே, திறப்பும் அவரிடம். பின்னேரம் வரை இருந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். போக வர 4,000 ரூபாவுக்கு மேல். வேலை இல்லாத வீட்டில் அது ஒரு கிழமைச் சாப்பாடு. இரண்டாம் முறை, அந்த ஆள் கதிரையில் இருக்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கடிதம் கையில் வந்தபிறகு அந்த வேலை சுணங்காமல் முடிந்தது.

பணிக்கொடைதான் பெரிய சண்டை. ஒவ்வொரு வருடமும் புதுக் கடிதம் தந்தோம், ஆகவே தொடர்ச்சியான சேவை இல்லை என்று கம்பனி எழுதியது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தேன். அந்த அதிகாரி பொறுமையானவர். "கடிதம் எத்தனை எண்டது பிரச்சினை இல்லை அம்மா, இடைவெளி இல்லாமல் வேலை செய்தனீங்களா எண்டதுதான் கேள்வி. அதுக்கு ஆதாரம் கொண்டு வாங்கோ" என்றார்.

சம்பளச் சீட்டு என்னிடம் பால்மா ரின் ஒன்றுக்குள் இருந்தது. 2009இல் பிறப்புச் சான்றிதழ் தொடக்கம் காணி உறுதி வரை எல்லாம் போன குடும்பம் நாங்கள். அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசியையும் நான் எறிந்ததில்லை. மாத ஒழுங்கில் அடுக்கி, பொலித்தீன் சுற்றி, றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தேன். ஆனால் 2020இல் கொரோனாவுக்குப் பூட்டிய மாதங்களுக்குச் சீட்டுத் தரவில்லை. அந்த இடைவெளியைத்தான் கம்பனி பிடித்துக்கொண்டது.

அந்த மாதங்களுக்கு ஆதாரம் தேடி, ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் பல்கலைக்கழகத் தாபனக் கிளைக்குப் போனேன். எட்டு வருடமாக நான் தண்ணீர் வைத்துக் கொடுத்த மேசை அது. "நீங்கள் கம்பனி ஆள், எங்களிட்ட உங்கட கோப்பு இல்லை" என்று தலையைத் தூக்காமலே பதில் வந்தது. ஆனால் நாங்கள் வாசலில் வைத்த கையெழுத்தை இணைத்துத்தான் கம்பனியின் மாதப் பட்டியலுக்கே அவர்கள் காசு கொடுத்தார்கள். அந்தப் பதிவு கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் இருந்த ஒரு தம்பிதான் வழி சொன்னான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் அக்கா என்றான். தமிழிலேயே எழுதினேன். 2018 மார்ச் முதல் 2023 டிசம்பர் வரை இந்தக் கட்டடத்துச் சுத்திகரிப்புப் பணியாளர் வரவுப் பதிவின் பிரதி வேண்டும், அவ்வளவுதான். தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

நான் கொடுத்தது ஏப்ரல் கடைசியில். மே 2இல் நாடு முழுக்கப் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் கிளை பூட்டு. அவர்கள் கேட்டது அவர்களுக்குச் சொல்லப்பட்ட சம்பள உயர்வை, அதில் எனக்குக் குறை இல்லை. என் தவணைதான் தள்ளிப் போனது. ஓகஸ்டில் பிரதி கைக்கு வந்தது. 2020 மே மாதத் தாளில், விடுதியில் தனிமைப்படுத்தலுக்கு ஆட்களை வைத்திருந்த நாட்களில், என் கையெழுத்து வரிசையாக இருந்தது. அந்தத் தாளைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் தவணை விசாரணைக்குத்தான் கம்பனி ஆள் வந்தார். தாளைப் புரட்டினார், பேசவில்லை. பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகச் சேரும் என்று அதிகாரி சொன்னதும் இரண்டு தவணையில் தருகிறோம் என்றார். கடைசிச் சம்பளம் 22,000. அரைவாசி 11,000, ஐந்து வருடம். 10 மாதம் மிச்சம் இருந்தது, அது கணக்கில் வராது. மேலதிகத்தை நான் வற்புறுத்தவில்லை. இப்போது நினைத்தால் வற்புறுத்தியிருக்கலாம்.

முதல் கம்பனியில் செய்த 2 வருடம் 7 மாதத்துக்கு ஒரு சதமும் இல்லை. முதலாளி மாறினால் சேவை திரும்பப் பூச்சியத்திலிருந்து. என்னோடு மாடிப்படி துடைத்த அக்கா, பிள்ளைப்பேற்றுக்கு நின்றுவிட்டு 2019 ஏப்ரலில் இரண்டாவது கம்பனியில் சேர்ந்தவ. 4 வருடம் 9 மாதம். மூன்று மாதம் குறைகிறது. அந்தக் கட்டடத்தில் என்னிலும் கூடக் காலம் வேலை செய்தவ அவ. பணிக்கொடை அவவுக்கு இல்லை. நம்பிக்கை நிதியையாவது எடுத்துவிட வேண்டும், வருகிற வியாழக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அவவின் அட்டை இலக்கத்தை நேற்றே சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.