உறைந்த ரூட்டில் தொங்கிய பேக்கப்

மூன்று இரவுகளாகப் பாதியில் தொங்கிய என் லினக்ஸ் மெஷினின் பேக்கப் நேற்று ஒழுங்காக ஓடி முடிந்தது. கோளாறு ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. பாதுகாப்புக்கென்று ஸ்கிரிப்டில் சேர்த்திருந்த ஒரே ஒரு வரிதான் காரணம்.

டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் மேல், எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் ரூட், அதாவது சிஸ்டத்தின் முதன்மை ஃபைல் பகுதி. ஸ்கிரிப்ட் முதலில் எஃப்எஸ்ஃப்ரீஸ் கொடுத்து ரூட்டை உறைய வைக்கும் (அதில் எழுதுவதெல்லாம் நிற்கும்), பிறகு எல்விகிரியேட்டால் அந்தக் கணத்தின் நகலான ஸ்னாப்ஷாட் எடுக்கும், பிறகு உறைவை நீக்கிவிட்டு ஆர்சிங்குக்குப் போகும். நின்றது எல்விகிரியேட்டில். பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்ஸில் நிலை 'டி', அதாவது குறுக்கிட முடியாத காத்திருப்பு. வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கொடுத்தும் அசையவில்லை. கெர்னல் தகவல் தரும் ப்ராக் டைரக்டரியில் அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் ஸ்டாக் ஃபைலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஃபைல் ஒன்றை உருவாக்கப் போன ஓப்பன், 'எம்என்டி_வான்ட்_ரைட்' என்ற இடத்தில் எழுத அனுமதி கேட்டுக் காத்து நிற்கிறது.

வால்யூம் குரூப்பில் (எல்விஎம் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்க் தொகுப்பு) எதை மாற்றினாலும், அதற்கு முன் மெட்டாடேட்டாவின் நகலை, அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசிக்குள் எல்விஎம் டைரக்டரியின் ஆர்கைவில் எழுதிவைப்பது எல்விஎம்மின் வழக்கம். அந்த ஈடிசி இருப்பதோ உறைந்த ரூட்டில். உறைவு விலகினால்தான் எல்விகிரியேட் நகரும். எல்விகிரியேட் முடிந்தால்தான் ஸ்கிரிப்ட் உறைவை விலக்கும். விடிய விடிய இப்படியே நிற்கும்.

உண்மையில் அந்த எஃப்எஸ்ஃப்ரீஸ் வரியே வேண்டாம். ஸ்னாப்ஷாட் கேட்டதுமே எல்விஎம்முக்கு அடியில் இருக்கும் டிவைஸ் மேப்பர் தானாக ஃபைல்சிஸ்டத்தை உறைய வைத்து, எடுத்து முடித்ததும் விட்டுவிடுகிறது. எஃப்எஸ்ஃப்ரீஸின் மேன் பக்கமே (கையேடு) இதைத் தெளிவாகச் சொல்கிறது. இணையத்தில் சுற்றும் ஸ்கிரிப்டுகளில் இந்த வரி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மாட்டிக்கொண்டால் மீள்வது எப்படி? நிர்வாகி உரிமையுள்ள ரூட் ஷெல் ஒன்று முன்பே திறந்திருக்க வேண்டும். புதிதாக லாகின் செய்யப் போனால் லாக் எழுதும் இடத்தில் அதுவும் தொங்கிவிடலாம். எஃப்எஸ்ஃப்ரீஸை மைனஸ் யூ போட்டு ஓட்டினால் போதும். அதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றால், ப்ராக்கில் உள்ள சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் ஃபைலுக்குள் 'ஜே' என்ற ஒற்றை எழுத்தை எக்கோ செய்ய வேண்டும். உறைந்த ஃபைல்சிஸ்டங்கள் எல்லாம் விடுபடும். ரீபூட் தேவைப்படாது.

எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் செய்யும்போது 'ஆர்ஓ'வுடன் (படிக்க மட்டும்) 'நோயுயுஐடி'யும் வேண்டும். அசலுக்கும் நகலுக்கும் யுயுஐடி என்ற அடையாள எண் ஒன்றே என்பதால் இல்லாவிட்டால் மறுத்துவிடும். ஸ்னாப்ஷாட்டையே ரீட்-ஒன்லியாக உருவாக்க வேண்டாம்; லாக் ரிகவரிக்கு எக்ஸ்எஃப்எஸ் அதில் எழுத வேண்டியிருக்கும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து பேக்கப் எடுப்பதில் இன்னொரு லாபம்: ரூட்டுக்குள் மவுன்ட் ஆகியிருக்கும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல்சிஸ்டம்) எதுவும் ஸ்னாப்ஷாட்டில் தெரியாது. லைவ் ரூட்டில் ஆர்சிங்குக்கு, வேறு ஃபைல்சிஸ்டத்துக்குள் போகாதே என்று மைனஸ் எக்ஸ் கொடுத்தாலும், மவுன்ட் புள்ளியை அது ஒருமுறை ஸ்டாட் செய்தே (விவரம் கேட்டே) தீரும். எதிர்முனை சர்வர் செத்திருந்தால் அங்கேயே தொங்கும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு 5 ஜிபி ஒதுக்கியதில், முடியும்போது எல்விஎஸ் காட்டிய பயன்பாடு 38 சதவீதம். நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், ஆர்சிங்க் ஐ/ஓ பிழைகளைக் கொட்டும். எல்விஎம்.கான்ஃபில் ஸ்னாப்ஷாட்_ஆட்டோஎக்ஸ்டெண்ட்_த்ரெஷோல்ட் இயல்பில் 100, அதாவது அணைந்திருக்கிறது. 70 ஆக்கியாயிற்று; இனி அந்த அளவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் தானாக வளரும்.

அடுத்து தின் பூல், அதாவது தேவைப்படும்போது மட்டும் இடம் எடுக்கும் பொதுத் தொகுப்பு. ஸ்னாப்ஷாட்டுக்கு அளவே ஒதுக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் தின் ஸ்னாப்ஷாட் இயல்பில் ஆக்டிவேட் ஆகாது. எல்விசேஞ்சில் மைனஸ் ஏ ஒய்யுடன் பெரிய 'கே'யும் சேர்த்தால்தான் டிவைஸ் கண்ணில் படும். ஸ்கிரிப்டில் அந்த வரியை இன்னும் எழுதவில்லை.