தம்மாமுக்குப் போக மாலேயில் 14 நாள்

ஏப்ரல் 6, 2021, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாயிற்று. நாளை மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானம். மாலத்தீவைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, சவூதியில் தம்மாம் பக்கம் ஜுபைலில் இருக்கும் வேலைக்குத் திரும்பிப் போகிறேன். கொரோனாவால் போன செப்டம்பரிலிருந்து சவூதி இந்தியாவிலிருந்து நேராக யாரையும் உள்ளே விடுவதில்லை. தடைப்பட்டியலில் இல்லாத வேறொரு நாட்டில் 14 நாள் இருந்துவிட்டு வந்தால் விடுவார்கள். அந்த 14 நாளுக்காகத்தான் மாலத்தீவு.

நவம்பரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக கொரோனா காலத்தில் அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஊருக்கு வந்தேன். இரண்டு மாத லீவு, இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. ஜனவரியிலேயே துபாய் வழியாகப் போயிருக்கலாம், பணம் புரளவில்லை. எங்கள் கம்பெனியில் வெல்டராக இருக்கும் சாத்தான்குளத்து அண்ணாச்சி அப்படித்தான் போனார். துபாயில் அவருக்குப் பன்னிரண்டாவது நாள் நடக்கும்போது, பிப்ரவரி 3 இரவு ஒன்பது மணியிலிருந்து 20 நாடுகளுக்குத் தடை என்று சவூதி அறிவித்தது, அதில் துபாய் இருக்கும் எமிரேட்ஸும் இருந்தது. இரண்டே நாள் பாக்கி. கையில் இருந்ததெல்லாம் செலவாகி ஊருக்கே திரும்பி வந்தார்.

இப்போதைக்கு ஆட்கள் போவது நேபாளம் வழியாகவும் மாலத்தீவு வழியாகவும்தான். நேபாளத்தில் செலவு குறைவு, நமக்கு விசாவும் வேண்டாம், ஆனால் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்கு ஏற வேண்டுமென்றால் காத்மாண்டு இந்தியத் தூதரகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், வாசலில் கூட்டம் அலைமோதுகிறது என்று வீடியோவெல்லாம் வருகிறது. மாலத்தீவில் அந்தத் தொல்லை இல்லை. 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் கொரோனா டெஸ்ட், பணம் கட்டிய ரூம் புக்கிங், அங்கிருந்து கிளம்புவதற்கான டிக்கெட், கிளம்பும் முன் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஒரு படிவம். டூரிஸ்ட் விசா இறங்கியதும் இலவசமாக முத்திரை குத்திக் கொடுப்பார்கள்.

எல்லாம் சேர்த்து டிராவல்ஸ்காரர் வாங்கியது 1,15,000 ரூபாய். மனைவியின் இரண்டு செயினும் அடகுக்கடைக்குப் போயிருக்கின்றன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் மஞ்சள் கயிறோடு அடுப்படிக்குப் போனாள்.

ஏப்ரல் 8, வியாழன்

திருவனந்தபுரத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். சவூதி விசா, லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி எல்லாம் அதிலேயே இருக்கிறது. "எதற்கு மாலத்தீவு?" என்று கேட்டார். டூரிஸ்ட் என்று மட்டும் சொல்லு என்று டிராவல்ஸ்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 14 நாள் தங்கிவிட்டுத் தம்மாம் போகிறேன் சார் என்று இகாமாவையும் (சவூதியில் தங்குவதற்கான அட்டை) அடுத்த டிக்கெட்டையும் எடுத்து வைத்தேன். பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான், உள்ளதைச் சொல்லுங்கள். காகிதம் எல்லாம் கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கீழே கடலில் பச்சை வளையங்கள் தெரிய ஆரம்பித்தன. விமானத்தில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போல. புதுக் கல்யாண ஜோடிகள் நாலைந்து. இறங்கியதும் அவர்களைத் தொப்பி போட்ட ஆட்கள் ரிசார்ட் படகுக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் வேனில் ஹுல்ஹுமாலே வந்தோம். கடலை மண் போட்டுத் தூர்த்து உண்டாக்கிய தீவு இது. ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது.

ரூமில் மூன்று பேர். நான், ராமநாதபுரம் பக்கத்துப் பாய் ஒருவர் (ரியாத்தில் டிரைவர்), பெரம்பலூர்த் தம்பி ஒருவன் (ஜுபைலில் ஸ்கஃபோல்டிங் வேலை). மூன்று பேர் இடது ஆள்காட்டி விரலிலும் ஓட்டு மை. அதைப் பார்த்துத்தான் முதல் பேச்சே ஆரம்பித்தது.

ஏப்ரல் 10, சனி

இங்கே இன்று உள்ளாட்சித் தேர்தல். சந்துக்குச் சந்து கொடி, ஆளுங்கட்சியின் மஞ்சள்தான் கண்ணில் அதிகம் படுகிறது. நாலு நாளுக்குள் இரண்டு நாட்டுத் தேர்தலைப் பார்த்துவிட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்கு மஸ் ஹுனி கொடுத்தார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுக் கையாலேயே பிசைந்தது, கூட ரோஷி என்று நம் சப்பாத்தி மாதிரி ஒன்று. ஒரு வாய் வைத்ததும் பாய், "அண்ணே, இது நம்ம வீட்டு மாசிச் சம்பலு" என்றார். ஆமாம், அதேதான். எங்கள் தூத்துக்குடியிலும் அவர்கள் கடற்கரையிலும் சம்பலுக்கு இடிக்கிற மாசிக்கருவாடு காலங்காலமாக இந்தத் தீவிலிருந்து தோணியில் வந்த சரக்கு. இங்கிருந்து மாசி வரும், அங்கிருந்து காய்கறியும் கட்டடச் சாமானும் போகும். இப்போதுகூட, போன செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேக்குச் சரக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். எங்கள் தாத்தா தோணியில் சுக்கான் பிடித்தவர். மாலே, மாலே என்று அவர் சொன்ன ஊருக்கு நான் இப்படி வந்து இறங்குவேன் என்று நினைத்ததில்லை.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை விசு. காலையில் வீடியோ காலில் மனைவி கனி காட்டினாள். தாம்பாளத்தில் மாம்பழம், வாழைப்பழம், கண்ணாடி, சில்லறைக் காசு. நகை வைக்கிற இடத்தில் சின்னவளின் வெள்ளிக் கொலுசு இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நேற்று முதல் இங்கே நோன்பு. பகலில் ஹோட்டல் எல்லாம் மூடியிருக்கிறது, எங்களுக்கு மட்டும் மதியச் சாப்பாட்டை ரூமுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொண்டுவருகிறவர் பங்களாதேஷ்காரர், அவரும் நோன்பு. பாய் நோன்பு வைத்திருக்கும்போது அதே ரூமில் உட்கார்ந்து சாப்பிடக் கஷ்டமாக இருக்கிறது, நானும் தம்பியும் பால்கனியில் சாப்பிட்டுக்கொள்கிறோம். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது மூன்று பேரும் சேர்ந்து. அந்த பங்களாதேஷ்காரர் இங்கே வந்து நாலு வருடம் ஆகிறதாம், இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லையாம். எங்களை "டூரிஸ்ட் பாய்" என்றுதான் கூப்பிடுகிறார். ஜுபைலில் நான் ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) ஓவரால் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று என் போட்டோவைக் காட்டினேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு அவர் மகன் போட்டோவைக் காட்டினார்.

ஏப்ரல் 17, சனி

சாயங்காலம் பஸ் பிடித்து, 2018-ல் திறந்த அந்தக் கடல் பாலத்தைத் தாண்டி மாலேக்குப் போனோம். பவளக்கல்லில் 1658-ல் கட்டிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை பாய் பார்க்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து பார்த்தோம், கல்லுக்குக் கல் சுண்ணாம்புப் பூச்சே தெரியாமல் இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

அப்புறம் மீன் மார்க்கெட். வலையே இல்லாமல், தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை. வெட்டுகிற ஆள் மீனைப் பலகையில் போட்டு, செவுளுக்குக் கீழே கத்தியை ஒரு முறை இறக்கித் தலையை எடுக்கிறார், முதுகில் நெடுக ஒரு கீறல், தோலைப் பிடித்து இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல் கழன்று வருகிறது, நாலு நீளத் துண்டும் நடுமுள்ளும் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முள்ளில் சதை ஒட்டவே இல்லை. எங்கள் ஊரில் இப்படி வெட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ஊரிலிருந்து போன். தெருவில் இரண்டு பேருக்குக் கொரோனா, ஒருவர் ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்காமல் ஆட்டோவிலேயே இருந்தாராம். கடல் காற்று வாங்கிக்கொண்டு இதைக் கேட்பது நெஞ்சை அடைக்கிறது. 45 வயதுக்கு மேல்தான் ஊசி என்கிறார்கள். அம்மாவுக்கு முதல் டோஸ் போட்டாயிற்று, எனக்கும் மனைவிக்கும் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

இன்று நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

பக்கத்து ரூமில் தென்காசிக்காரர் ஒருவர். 6-ம் தேதி இரவு விமானம், தாமதமாகி 7-ம் தேதி நள்ளிரவு பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கியிருக்கிறார். அவருடைய டிராவல்ஸ்காரர் 6-ம் தேதியிலிருந்தே எண்ணி, இன்றைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். பெட்டி படுக்கையோடு ஏர்போர்ட் போனால், கவுண்டரில் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துவிட்டு, இறங்கிய நாள் கணக்கில் சேராது, 14 முழு நாள் முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்திருக்கிறார். பிசிஆர் 72 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் வீண், மறுபடி எடுக்க வேண்டும். டிக்கெட் மாற்ற, ரூமுக்கு, டெஸ்ட்டுக்கு என்று முப்பதாயிரத்துக்கு மேல். டிராவல்ஸ்காரர் போனை எடுக்கவில்லை.

மத்தியானம் அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நிழலில் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் தம்பியும் இறங்கிப் போய் மேலே கூட்டி வந்தோம். ராத்திரி எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் மாற்றிக் கொடுத்தோம், 23-ம் தேதிக்கு, என் விமானத்திலேயே.

தயவுசெய்து, முத்திரையில் இருக்கும் தேதிக்கு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். பதினைந்தாவது நாள் பறக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஒரு நாள் ரூம் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் இப்படி மாட்டாதீர்கள்.

ஏப்ரல் 22, வியாழன்

நேற்று மாலை மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் தனிமை, மறுபடி டெஸ்ட், மறுபடி டிக்கெட், ரீ-என்ட்ரியை கம்பெனி இனிமேலும் நீட்டிக் கொடுக்குமா தெரியாது. தொண்டை கரகரப்பதுபோலவே இருந்தது. இன்று பத்தரைக்கு ரிசல்ட், நெகட்டிவ். மூன்று பேருக்கும். பாய் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார். நான் வீட்டுக்கு ஒரு வார்த்தை மட்டும் மெசேஜ் போட்டேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு, ஜுபைல்

வந்து சேர்ந்துவிட்டேன். மாலேயிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து தம்மாம். தென்காசிக்காரரும் வந்துவிட்டார், அவர் அல் கோபாருக்குப் போய்விட்டார். ஏழு நாள் கம்பெனி கேம்ப் ரூமை விட்டு வெளியே வரக்கூடாது, சவூதி அரசின் தவக்கல்னா ஆப்பில் பதிவு செய்தாயிற்று.

எமிரேட்ஸும் ஓமனும் நேற்றோடு இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவதை நிறுத்திவிட்டன. மனைவியின் தம்பி, என் மச்சான், 29-ம் தேதி மாலேக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். நான்தான் வழி சொல்லிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 28, புதன்

நேற்றிலிருந்து மாலத்தீவில் இந்தியர்கள் மக்கள் வாழும் தீவுகளின் விடுதிகளில் தங்க முடியாது, ரிசார்ட்டில் மட்டும்தான். ஹுல்ஹுமாலே, மாலே எதிலும் முடியாது. ரிசார்ட்டில் 14 நாள் தங்க எங்கள் ஒரு வருடச் சம்பளம் பத்தாது. நேபாளமும் இன்றுமுதல் மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மச்சான் போன் செய்து, "அத்தான், நாளைக்குக் கிளம்பவா வேண்டாமா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்றேன். கேட்டுவிட்டு அவன் பேசவே இல்லை, லைனில் மூச்சு மட்டும் கேட்டது.

நான் ஐந்து நாளுக்கு முன்னால் வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அவனைவிட நான் ஒன்றும் சரியாகத் திட்டம் போடவில்லை, ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்ததால் 8-ம் தேதி அமைந்தது.

மே 12, புதன்

நாளைமுதல் தெற்காசிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு மாலத்தீவு விசாவே இல்லை. ரிசார்ட் கதவும் மூடியாயிற்று. டிராவல்ஸ்காரர் மச்சானுக்குப் பாதிப் பணம்தான் திருப்பித் தந்திருக்கிறார். நாளை இங்கே பெருநாள், கேம்ப்பில் லீவு. என் முதல் சம்பளம் வந்ததும் ஒரு செயினை மீட்டு, மச்சானுக்குக் கொஞ்சம் அனுப்ப வேண்டும்.

மே 25, செவ்வாய்

நேற்று அரசர் உத்தரவு. தடை போட்ட நாடுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இகாமாவும் ரீ-என்ட்ரியும் ஜூன் 2 வரை இலவசமாக நீட்டிப்பு. மச்சானுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான், போனில் கேட்டது. ஜூன் 2-க்கு எட்டு நாள்தான் இருக்கிறது அத்தான், 14 நாள் எங்கே போய் உட்கார என்றான். ஆர்மீனியா வழியாகச் சிலர் போகிறார்களாம், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.