குப்பைச் சந்தில் கிடைத்த புதையல்

மழை விட்டதும் குப்பை கொட்டப் பின்சந்துக்குப் போனேன். கிழிந்த பால் கவர் மேல் ஒரு நத்தை, கொம்பு இரண்டையும் நீட்டிக்கொண்டு சாவகாசமாகப் போகிறது.

“உப்பைப் போடுப்பா, செடியெல்லாம் தின்னுடும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கவலை அவருக்கு.

எனக்கு பெர்முடா ஞாபகம் வந்தது.

அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் அந்தத் தீவுக்கே உரிய நத்தை ஒன்று உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதன் இனத்துப் புதைபடிவங்களை வைத்துத்தான் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற பரிணாமவியலாளர் முனைவர் பட்டம் வாங்கினார்.

அப்புறம் மனிதன் ஒரு காரியம் செய்தான். வேறொரு நத்தையின் தொல்லையை ஒழிக்க, நத்தை தின்னும் ஓநாய் நத்தையைத் தீவுக்குக் கொண்டுவந்தான். அது ஆள் பார்த்தா சாப்பிடும்? உள்ளூர் நத்தையையும் சேர்த்து முடித்தது. அழிந்தே போச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

2014-இல் திரும்பக் கிடைத்தது. காட்டில் இல்லை. தலைநகர் ஹாமில்டனில், கட்டடங்களுக்கு இடையே ஓர் ஈரச் சந்தில்!

அதில் சிலவற்றை இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். நான்சச் என்ற குட்டித் தீவில் திரும்ப விட்டார்கள்.

அங்கே அதற்குப் பேச்சுத் துணைக்குக் கஹாவ் என்ற கடற்பறவை இருக்கிறது. 300 வருஷத்துக்கு மேல் அழிந்ததாக நம்பப்பட்டு, 1951-இல் பெர்முடாவில் மறுபடி அகப்பட்ட ஆசாமி அது.