வண்டி எடுக்கும்போது டயரை எத்திப் பாக்குற ஆளா நீங்க?

நானும் ரொம்ப நாளா அப்படித்தான், கால்ல ஒரு எத்து, கட்டை விரலால ஒரு அமுக்கு, கல்லு மாதிரி இருக்கா, சரி கிளம்புன்னு போயிடுவேன். அப்புறம் காத்து அளக்குற கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுப் பாத்தா, அந்தக் கல்லு மாதிரி இருந்த முன் டயர்ல 25 பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தத்தை அளக்குற அளவு) இருக்க வேண்டிய எடத்துல 17தான் நிக்குது. ஹேண்டில் கனமா இருக்கே, வளைவுல அசமந்தமா திரும்புதேன்னு ஒரு மாசமா பாவம் அந்த ஹேண்டில் பேரிங்கைத் திட்டிட்டு இருந்திருக்கேன்.

இதுல முக்கியமானது எப்ப பாக்குறோம்ங்கறதுதான். வண்டி ஓடுனா டயர் சூடாகி உள்ள இருக்குற காத்து விரியும், கேஜ்ல நாலஞ்சு பிஎஸ்ஐ கூட ஏத்திக் காட்டும், அதைப் பாத்துட்டு அய்யோ அதிகமா இருக்கேன்னு எறக்கி விட்டீங்கன்னா ஆறுன பிறகு கம்மியாத்தான் நிக்கும். அதனால காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, இல்லன்னா வண்டி ஒரு 3 மணி நேரமாவது நின்னிருக்கணும். குளிர் காலத்துல இன்னும் அடிக்கடி பாக்கணும், 10 டிகிரி எறங்குனாலே ஒண்ணரை பிஎஸ்ஐ கிட்ட குறைஞ்சிடும்.

எவ்வளவு வைக்கணும்னு செயின் கவர் பக்கமோ ஸ்விங்ஆர்ம்லயோ (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற கை) ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, இல்லன்னா வண்டியோட கொடுத்த புக்ல இருக்கும். டயர் சைடுல அச்சடிச்சிருக்குற நம்பரை வைக்காதீங்க, அது அந்த டயர் தாங்குற உச்சம், அந்த அளவுக்கு அடைச்சா நடுப்பகுதி மட்டும் தேயும், தரையைப் பிடிக்கவும் பிடிக்காது. பின்னாடி ஆள் உக்காந்தா பின் டயருக்குத் தனி அளவே போட்டிருப்பாங்க, அதை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல.

ஒரே டயர்ல மட்டும் வாராவாரம் எறங்குதுன்னா ஆணி ஏறியிருக்கான்னு சுத்திப் பாருங்க, டியூப்லெஸ்ல ஆணி குத்துனாலும் நாள்கணக்கா மெதுவாத்தான் எறங்கும். ஆணி இல்லன்னா வால்வு வாயில கொஞ்சம் எச்சித் தொட்டு வைங்க (யாரும் பாக்காதப்போ). எனக்கு முதல்ல ஒண்ணுமே தெரியல, விட்டுட்டுப் போயிடலாம்னு எழுந்திரிக்கும்போது குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழி மெல்ல உப்பி, டப்புன்னு உடைஞ்சுது. வால்வு பின் லூசு. ஒரு திருகு திருகுனேன், நின்னுடுச்சு.