கறுப்பா, கருப்பா?

"சார், மிரட்டல் கடிதம் வர்ற பக்கத்துல ஒரு சந்தேகம்." என் நாவலை ஒலி நூலாக வாசித்துக்கொண்டிருந்தவர் பதிவுக் கூடத்திலிருந்து அழைத்தார். "கடிதத்துல 'கறுப்பு'ன்னு வல்லின றகரம் போட்டிருக்கீங்க. மத்த இடத்துல பெரும்பாலும் 'கருப்பு'. அச்சுப்பிழையா, வேணும்னே போட்டதா?"

வேண்டுமென்றே போட்டதுதான். நாவலின் முடிச்சே அதில்தான் இருந்தது. கருப்பு, கறுப்பு இரண்டும் வழக்கில் உள்ளவை. ஆனால் ஒருவர் சிறு வயதில் எதை எழுதிப் பழகினாரோ, பெரும்பாலும் கடைசிவரை அதையேதான் எழுதுவார். சந்தேகத்துக்குரிய நான்கு பேரின் கையெழுத்துக் குறிப்புகளும் நாவலில் ஆங்காங்கே வருகின்றன. மூன்று பேர் கருப்பு, ஒருவர் மட்டும் கறுப்பு. கவனமாகப் படிப்பவர் துப்பறிபவரை முந்திவிடலாம். இந்த ஒரு எழுத்துக்காக மெய்ப்பு பார்ப்பவரிடம் மூன்று முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே மாதிரி ஆக்கிவைப்பார், நான் பழையபடி மாற்றுவேன்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எழுத்து காதில் விழவே விழாது என்பது அந்தத் தொலைபேசி அழைப்பு வரை எனக்கு உறைக்கவில்லை. பேச்சில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். வாசிப்பாளர் 'கறுப்பு' என்று நன்றாக அழுத்தி உருட்டிக் காட்டினார். தண்டோரா போட்டது போல இருந்தது.

இரண்டு நாள் தூக்கம் கெட்டு, ஒலி நூலுக்கு மட்டும் துப்பை மாற்றினேன். 'அதனால்' என்று மற்றவர்கள் எழுதும் இடத்தில், அந்த ஒருவர் எப்போதும் 'ஆகையினாலே' என்று எழுதுவார். இது காதுக்குக் கேட்கும். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிடுமோ என்று பயந்து, கடிதத்தில் கொலை மிரட்டல் வரும் வரிக்குச் சற்று முன்னால் வைத்தேன். மிரட்டலைக் கேட்டுப் பதறுகிறவர் ஆகையினாலேயை எங்கே கவனிக்கப் போகிறார்!

1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதாவது, காட்டிக்கொண்டே மறைக்க வேண்டும். என் பிழைப்பே இதுதான். மேஜை மேல் ஒரு சாவிக்கொத்து, பழைய நாளிதழ், மூக்குக்கண்ணாடி, மூடியில்லாத பேனா, இரண்டு ரசீதுகள் இருந்தன என்று எழுதுவேன். கண் இந்தப் பட்டியலை ஓட்டமாக ஓடிக் கடக்கும், நடுவில் உள்ள மூக்குக்கண்ணாடி மனதில் நிற்காது. குரலோ ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். வாசிப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு முன் மூச்சு வாங்கினால் போச்சு. மறுபக்கம், அச்சில் நாற்பது பக்கம் பின்னால் புரட்டி "அட, முன்னாடியே சொல்லியிருக்காரே" என்று சரிபார்க்கிற சுகம் கேட்பவருக்குக் கிடையாது. பத்து நிமிடம் பின்னால் போவதும் குறிப்பிட்ட வரியைத் தேடிப் பிடிப்பதும் ஒன்றல்ல. அதனால் இப்போதெல்லாம் முக்கியமான துப்பை வேறு வேறு வேடத்தில் இரண்டு முறை வைக்கிறேன்.

இத்தனைக்கும் ஒலி நூல் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் 1935-இல் தொடங்கியபோது, முதலில் வெளியானவற்றில் அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலை பற்றிய நாவலும் ஒன்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிடம்தான் கொள்ளும். கொலைகாரரை நெருங்கும் நேரத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்த எழுத்தாளரும் திட்டமிட்டு வைக்க முடியாத இடைவேளை அது.

பதிப்பிலும் இப்படித் திட்டமிடாத விஷயங்கள் நடக்கும். என் முதல் நாவலின் பின்னட்டைக் குறிப்பை எழுதியவர் இரண்டாவது கொலையை அதிலேயே சொல்லிவிட்டார். அது நடப்பது பாதி நாவலுக்கு அப்புறம்! புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அதிலிருந்து பின்னட்டையை நானே எழுதித் தருகிறேன். இன்னொரு தடவை நல்லதே நடந்தது. புத்தகத்தைப் பதினாறு பக்க ஃபாரங்களாக அச்சடிப்பார்கள். கதை கடைசி ஃபாரத்தின் நடுவிலேயே முடிந்துவிட, மிச்சம் ஒன்பது பக்கங்களில் பதிப்பகத்தார் தங்கள் மற்ற நூல்களின் பட்டியலைப் போட்டுவிட்டார்கள். துப்பறியும் கதை வாசகரின் கட்டைவிரல் மீதிப் பக்கங்களின் கனத்தை எப்போதும் அளந்துகொண்டே இருக்கும்; இன்னும் இத்தனை பக்கம் இருக்கிறதே, இவராக இருக்காது என்று கணக்குப் போடும். அந்த ஒன்பது பக்கத்தை நம்பி ஏமாந்தவர்கள் பலர். ஒலி நூலில் இந்த விளையாட்டும் போச்சு. மீதி இத்தனை நிமிடம் என்று திரையிலேயே காட்டிவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவனுக்கு 'அவர்' என்ற சொல் பெரிய வரம். "அவர் கதவைச் சாத்தினார்" என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஒரு நாவலில் கொலையாளியின் மன ஓட்டங்களை முழுக்க அவர், இவர் என்றே எழுதி ஒப்பேற்றினேன். ஒலி நூலாக்கும்போது, அந்தப் பகுதிகளுக்குத் தனியாக ஒரு பெண் குரல் வைக்கலாமா என்று கேட்டார்கள். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு அடைத்தது. கூடாது என்றேன், மற்றதை வாசிப்பவரே அதையும் வாசிக்கட்டும்.

வாசிப்பாளருக்குக் கொலைகாரர் யார் என்று தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் தீராத தலைவலி. மூன்றாம் அத்தியாயத்தில் இறுதிச் சடங்குக்கு வந்த ஒருவர், "பாவம், நல்ல மனுஷர்" என்று சொல்வார். அச்சில் அது யாரும் சொல்லக்கூடிய வரி. வாசிப்பாளர் 'பாவம்' என்ற சொல்லுக்குப் பிறகு அரை நொடி நிறுத்தினார். அந்த அரை நொடியில் முழு நாவலும் வெளியே வந்துவிட்டது. அவரிடம் கடைசி அத்தியாயத்தைக் கொடுக்காமலே விட்டிருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். அதுவும் முடியாது. கடைசியில் ஒருவருக்குத் திக்குவாய் என்று தெரியவந்தால், அதுவரை அவரைச் சரளமாகப் பேசவைத்த ஒன்பது மணி நேரப் பதிவை என்ன செய்வது?

அந்த வரியை நான்கு முறை எடுத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "இந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் டாக்டர்தான் கொலைகாரர்னு நினைச்சுக்கிட்டு வாசிக்கிறேன் சார்." வாசித்தார். "பாவம், நல்ல மனுஷர்" ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. பதிவு முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். டாக்டர் மேல் எனக்கே கடைசி வரை சந்தேகமாக இருந்தது.