வீட்டு வீடியோவுக்குக் கணினி வாங்கும் முன் கேமரா எழுதும் கோப்பைப் பாருங்கள்

வீட்டில் எடுத்த வீடியோக்களைத் தொகுப்பதற்கு ஒரு கணினி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி பெரும்பாலும் "ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்று கணினியின் மூளையான இன்டெல் பிராசசரின் ரகத்தைப் பற்றித்தான் தொடங்கும். பதிலுக்கு நான் கேட்பது, "எதில் படம் எடுக்கிறீர்கள்?" என்பதைத்தான். கைப்பேசியில் எடுப்பவருக்கும், உள்ளே கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) புதிய சோனி, கேனன் கேமராக்களில் எடுப்பவருக்கும், பழைய கல்யாணக் கேசட்டை மாற்றி வைத்திருப்பவருக்கும் தேவைப்படும் கணினி ஒன்றல்ல. படம் எடுக்கும் கருவி எந்த வகைக் கோப்பை எழுதுகிறது என்பதை அறிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கேமரா விநாடிக்கு 25 அல்லது 30 முழுப் படங்களை எழுதிக்கொண்டே போகிறது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 என்கிற எச்இவிசி ஆகிய இரு சுருக்க முறைகளிலும் வழக்கமாக அப்படி நடப்பதில்லை. மெரினாவில் ஒரு குழந்தை ஓடுவதைப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு முழுப் படம் பதிவாகும். அடுத்து வரும் பல படங்களில் கடலும் வானமும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், குழந்தை எவ்வளவு நகர்ந்தது, புதிதாக எந்தப் பகுதி தெரிய வந்தது என்ற வேறுபாடுகள் மட்டுமே எழுதப்படும். சில படங்கள் தமக்குப் பின்னால் வரப்போகும் படத்தையும் சார்ந்தே எழுதப்பட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் ஒரு முழுப் படம் வரும். ஐபோனில் விநாடிக்கு 30 பிரேம் (படம்) வேகத்தில் எடுத்த மிக நுணுக்கமான 4கே வீடியோ எச்இவிசி முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பிக்குள் அடங்கிவிடுவது இந்த ஏற்பாட்டினால்தான்.

வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு இதனால் தொல்லை ஒன்றுமில்லை. தொகுப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. குழந்தை அலையைத் தொடும் அந்த ஒரு கணத்தில் வெட்ட வேண்டும் என்பதற்காக டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) நடுவே ஓரிடத்தில் சொடுக்குகிறார். இரண்டு பிரேம் பின்னால் போகிறார். மறுபடியும் முன்னால் வருகிறார். ஒவ்வொரு முறையும் கணினி முந்தைய முழுப் படத்துக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, கேட்ட பிரேமை உருவாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. பின்னோக்கி இழுக்கும்போது இந்த வேலை பன்மடங்காகும். மேலே தலைப்பு, பக்கத்தில் இன்னொரு கோணம் என்று இரண்டு மூன்று அடுக்குகள் சேர்ந்துவிட்டால் அத்தனை கோப்புகளுக்கும் இதே வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். "4கே போட்டாலே சிஸ்டம் ஹேங் ஆகிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சுருக்கத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று இன்றைய சிப்புகளில் இருக்கிறது. இன்டெல் பிராசசர்களுக்குள்ளேயே அமைந்த படப் பகுதியான உள் கிராபிக்ஸில் இருப்பதற்குக் குயிக் சிங்க் என்று பெயர். தனியாகச் செருகும் என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளிலும் ஏஎம்டி கார்டுகளிலும் ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் இதற்கு இணையான பகுதிகள் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் தெரிந்த வடிவங்கள் சில, தெரியாதவை சில. தெரிந்த கோப்பு வந்தால் அந்தச் சின்னஞ்சிறு பகுதி அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும். தெரியாத கோப்பு வந்தால் பாரம் முழுவதும் பிராசசரின் பொது வேலைகளுக்கான கோர்களின் தலையில் விழும், விசிறி இரையத் தொடங்கும், படம் விட்டுவிட்டு ஓடும்.

கைப்பேசிக் கோப்புகளில் பெரும்பாலானவை 4:2:0 வகையைச் சேர்ந்தவை. அதாவது, நிறத் தகவல் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பதிவாகும். இதை, 10 பிட் (8 பிட்டைவிட நுணுக்கமான படிகளில் நிறத்தைப் பதியும்) எச்இவிசி உட்பட, 7ஆம் தலைமுறை முதலான இன்டெல் உள் கிராபிக்ஸே கையாளும். சோனி ஏ7 4, கேனன் ஆர்5 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற தேர்வு இருக்கிறது. அதில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறம் பதிவாவதால், பின்னால் நிறத்தைத் திருத்தும்போது பட்டுப்புடவையின் சரிகையும் முகத்தின் தோல்நிறமும் சிதையாமல் நிற்கும். இந்த வகையை மேசைக் கணினிகளில் 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் உள் கிராபிக்ஸ் நேரடியாகப் பிரிக்கிறது. 2020இல் வந்த எம்1 தொடங்கி ஆப்பிள் சிப்புகளும் பிரிக்கின்றன. என்விடியாவிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் இந்தத் திறன் வந்தது. அதற்கு முந்தைய 30, 40 வரிசைக் கார்டுகளுக்கு, அவை எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், இது கிடையாது.

என் சித்தி மகள் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கி வந்து காட்டிய கொட்டேஷனைப் பார்த்தபோது, இந்த ஒரு விவரம் எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. 12ஆம் தலைமுறை ஐ5 12400எஃப் பிராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, ஒரே குச்சியாக 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி என்று எழுதியிருந்தது. கணினி விளையாட்டுகளுக்கு மிக நல்ல சேர்க்கை. அவளோ சோனி கேமராவில் 10 பிட் 4:2:2 எடுப்பவள். பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' என்ற எழுத்துக்கு, உள் கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்று பொருள். அது இல்லையென்றால் குயிக் சிங்கும் இல்லை. 3060 கார்டுக்கோ 4:2:2 தெரியாது. ஆகவே அந்தக் கணினியில் அவளுடைய கோப்புகளைப் பிரிக்கும் சுற்று எதுவுமே இருந்திருக்காது. 'எஃப்' இல்லாத சாதாரண 12400 பிராசசரை எடுத்துக்கொண்டு, கார்டையே விட்டுவிட்டாலும், வெட்டி ஒட்டும் வேலை அதைவிடச் சீராக நடக்கும். தொகுப்பு மென்பொருள் குயிக் சிங்கைப் பயன்படுத்த வல்லதாகவும், கணினியின் அமைப்புகளில் குயிக் சிங்க் இயக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மிச்சமான தொகையில் ரேமை 32 ஜிபி ஆக்கிக்கொண்டாள். ஏஎம்டி பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ரைசன் 5600 என்ற பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி என்பதில் உண்டு.

தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் நிறத் திருத்தம் செய்பவர்களுக்கும், இருட்டில் எடுத்த படத்தின் இரைச்சலை (புள்ளி புள்ளியான மாசை) நீக்குபவர்களுக்கும் கார்டு மிகவும் பயன்படும். பிறந்தநாள், சுற்றுலா, கோயில் திருவிழா என்று பத்து நிமிட வீடியோ தொகுக்கும் ஒருவருக்கு அது இரண்டாம் கட்டச் செலவு. மேசைக் கணினியாக இருந்தால் பின்னால் செருகிக்கொள்ளலாம்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய, மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து பாருங்கள். பார்மெட் என்ற வரியில் ஏவிசி அல்லது எச்இவிசி என்று இருக்கும். அதன் கீழே குரோமா சப்சாம்பிளிங் என்ற வரியில் 4:2:0 அல்லது 4:2:2, பிட் டெப்த் என்ற வரியில் 8 அல்லது 10 என்று இருக்கும். இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் கடைக்காரரிடம் பேசுவதற்கு அதுவே போதும். கைப்பேசிக் கோப்பு என்றால் பிரேம் ரேட் மோட் என்ற வரியையும் பாருங்கள். அங்கே வேரியபிள் என்று இருந்தால், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கைப்பேசி பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்திருக்கக்கூடும் என்று அர்த்தம். சில தொகுப்பு மென்பொருள்களில் இதனால் வாயசைவும் ஒலியும் மெல்ல மெல்ல விலகிப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோவை மாற்றும் மென்பொருளில் ஒருமுறை நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்; இதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜிபி என்பது கீழ் எல்லை, 4கே தொகுப்பவருக்கு 32 ஜிபி நிம்மதி. ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் ரேமையே பயன்படுத்துவதால் இரட்டைப் பாதை (டூயல் சேனல்) கிடைப்பது அதற்குக் கூடுதல் வலு. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பிறகு சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவர்கள் மதர்போர்டில் நான்கு இடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வட்டு விஷயத்தில் வேகத்துக்கு அதிகமாகவும் கொள்ளளவுக்குக் குறைவாகவும் செலவு செய்யும் வழக்கம் எனக்கு வருத்தமளிக்கிறது. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 170 எம்பி என்றால் விநாடிக்கு 3 எம்பிகூட இல்லை. 200 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமராக் கோப்பும் விநாடிக்கு 25 எம்பிதான். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் இயங்கும் சாதாரண எஸ்எஸ்டி விநாடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். ஆகையால் 7000 எம்பி வேகம் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் என்விஎம்இ என்ற அதிவேக வகை வட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதால் உங்கள் டைம்லைன் வேகமாக ஓடப்போவதில்லை. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் நடப்பு வேலைக்கும் நடுத்தர விலையில் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். மிச்சப் பணத்தில் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மூலப் பதிவுகள் இரண்டிலும் இருக்கட்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். பாட்டியின் குரல் பதிவான ஒரே கோப்பு ஒரே வட்டில் இருந்து, அந்த வட்டு ஒரு நாள் சுழல மறுத்துவிட்டால், எந்த ஐ9 பிராசசராலும் அதை மீட்டுத் தர முடியாது.

மடிக்கணினியா, மேசைக் கணினியா என்றால், வீட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மேசைக் கணினியையே நான் சொல்வேன். சென்னை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், மெல்லிய மடிக்கணினி ஒன்று அரை மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது (தொகுத்ததை ஒரே கோப்பாக எழுதும்போது) சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றாக இருப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மின்சாரம் எடுக்கும்படி தயாரிப்பாளரின் விருப்பப்படி அமைக்கப்பட்டவை விற்பனைக்கு வந்தன. விளம்பரத்தின் பெரிய எழுத்துகளில் அந்த வாட் கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. மடிக்கணினிதான் வேண்டுமென்றால் திரையை விசாரியுங்கள். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை காட்டும் நிறங்களின் பரப்பைச் சொல்லும் அளவுகோல்கள். விவரக் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதில் சிவப்பு மங்கித் தெரியும். அதை நம்பி நீங்கள் நிறத்தைக் கூட்டினால், தொலைக்காட்சியில் போடும்போது குங்குமம் எரியும். எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் அல்லது அதற்கு அருகில் என்று இருப்பதே தொகுப்புக்கு ஏற்றது.

ஆப்பிள் பக்கம் போக மனமுள்ளவர்களுக்கு, 2024இல் இந்தியாவில் ₹59,900க்கு அறிமுகமான எம்4 மேக் மினி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. 16 ஜிபி நினைவகம் அடிப்படையிலேயே இருக்கிறது, 4:2:2 கோப்புகளைத் தடங்கலின்றிப் பிரிக்கிறது, சத்தமும் இல்லை. நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதையும், 256 ஜிபி வட்டு சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் வெளி எஸ்எஸ்டி ஒன்றுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கனவே வீட்டில் இருப்பவர்களுக்கே இந்த விலை உண்மையான விலை.

புதிதாக எதையும் வாங்காமலே சமாளிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பிராக்ஸி என்ற வழி இருக்கிறது. மூலக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் சிறிய, எளிதில் பிரியக்கூடிய ஒரு நகலை மென்பொருளே உருவாக்கி வைத்துக்கொள்ளும். தொகுப்பதெல்லாம் அந்த நகலை வைத்து நடக்கும், கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பு தானாக அந்த இடத்துக்கு வந்துவிடும். கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ், பிரீமியர் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. நகல் தயாராக நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். அலுவலகங்கள் கழித்துவிடும் 8ஆம் தலைமுறை ஐ5 மேசைக் கணினிகளில்கூட, 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, பிராக்ஸி வைத்துக்கொண்டு அழகாகத் தொகுக்கலாம். விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் அந்தத் தலைமுறை இருப்பதும் ஒரு வசதி. விண்டோஸை விட்டு லினக்ஸ் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறப்பதில்லை. அங்கே கேடென்லைவ் அல்லது ஷாட்கட் பக்கம் போவதே நல்லது.

மேசைக் கணினிக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்திலும் கணினி அணைந்து போகக்கூடும், எக்ஸ்போர்ட் முக்கால் பாகத்தில் நின்றுபோகும்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் சொந்தக் கோப்புகள் சிலவற்றைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, கடையில் அதே பிராசசர் உள்ள கணினி ஒன்றில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கோப்பை முதலில் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்பதைத் திறந்து வையுங்கள். வீடியோ ஓடும்போது வீடியோ டீகோட் என்ற கட்டத்தில் கோடு எழும்பினால், பிரிக்கும் சுற்று உங்கள் கோப்பை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அந்தக் கோடு தரையோடு கிடக்க, சிபியு கோடு உச்சிக்கு ஏறினால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தச் சேர்க்கை உங்களுக்கானதல்ல. வேறொன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.