அகழித் தெருக்களில் ஒரு முகவரி

இந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு ‘ஆச்சன்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவும் தெரு முழுக்க அப்படியே சொல்லி வைத்திருந்தார். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நடுவில் இருப்பது நம் ஆய்த எழுத்து. ஆஃகன். பள்ளிக்கூடத்தில் அஃது, எஃகு என்று ஒன்றிரண்டு சொற்களோடு சும்மா கிடந்த அந்த மூன்று புள்ளிக்கு இங்கே தினமும் வேலை இருக்கிறது. நான் படிக்க வந்ததும் எஃகுதான். உலோகவியலில் முதுகலை.

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர் இது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் பஸ் தூரம். மொத்தம் இரண்டரை லட்சம் பேர் இருக்கும் ஊரில், 1870-ல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அக்டோபரில் இங்கே அறை தேடுவது, தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஸீட் தேடுவது மாதிரி.

2023 செப்டம்பர் கடைசியில் வந்தேன். அதற்கு முன்னால் ஊரில் ஓடிய ஓட்டத்தை நீட்டி எழுதப் போவதில்லை. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), முடக்கக் கணக்கில் அப்போது கேட்ட 11,208 யூரோ, விசா, அவ்வளவுதான். அந்தப் பணம் நம்முடையதுதான், ஆனால் மாதம் 934 யூரோ என்றுதான் அவிழ்ந்தது. அப்பா கேட்டுவிட்டு, “நம்ம காசை நமக்கே மாசச் சம்பளமா குடுக்குறானா?” என்றார். அதையும் வாங்க இங்கே சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கணக்கு திறக்கப் போன இடத்தில் முகவரிப் பதிவைக் கேட்டார்கள். பதிவு அலுவலகத்தில், வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கேட்டார்கள். வீடு கொடுப்பவர் முன்பணம் கேட்டார். முன்பணம் அனுப்பக் கணக்கு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

அந்தக் காகிதத்தின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். ‘இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. சொல்லின் நீளத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், காகிதம் சின்னதுதான். ஆனால் அது இல்லாமல் இந்த நாட்டில் நீங்கள் இருப்பதாக அர்த்தமில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

நான் ஊரிலிருந்தே இணையத்தில் ஓர் அறை பிடித்திருந்தேன். கொடுத்தவர் வீட்டு உரிமையாளர் அல்ல, அவரும் ஒரு வாடகைக்காரர். “பதிவு மட்டும் பண்ண முடியாது, மற்றபடி எல்லாம் சரி” என்று எழுதியிருந்தார். என்ன பெரிய பதிவு, பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாத வாடகையை அனுப்பிவிட்டேன். வந்து கேட்டால், உள்வாடகை விட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாதாம். ஐந்து வாரம் ஒளிந்து வாழ்ந்ததுபோல இருந்துவிட்டு வெளியே வந்தேன். மிச்ச வாடகை மிச்சமாகவே போனது. வாடகை பேசும்போது முதல் கேள்வி சதுர அடியாக இருக்கக் கூடாது, “இங்கே பதிவு செய்யலாமா?” என்பதாக இருக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

அந்த ஐந்து வாரத்தில் அறை பார்க்க நடந்த நடைதான் எனக்கு ஊரைக் காட்டியது. ஆஃகனில் மழை பெய்கிறது என்று சொல்ல மாட்டேன், மழை குடியிருக்கிறது. சடசடவென்று கொட்டி முடியும் நம்மூர் மழை இல்லை. காலையிலிருந்து இரவுவரை ஒரு ஈரத்துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டே இருப்பது மாதிரி. அதில் நனைந்துகொண்டு தெருப் பலகைகளைப் படித்தேன். டெம்ப்ளர்கிராபன், ஹிர்ஷ்கிராபன், ஸைல்கிராபன், கபுட்ஸீனர்கிராபன். இதென்ன எல்லாத் தெருவும் கிராபன் என்று அகராதியைப் பார்த்தால், கிராபன் என்றால் அகழி.

அப்போதுதான் பிடிபட்டது. 12-ஆம் நூற்றாண்டில் பேரரசர் பார்பரோசா கட்டச் சொன்ன கோட்டைச் சுவர் இங்கே ஊரைச் சுற்றி ஓடியிருக்கிறது. சுவர் போய், அகழி மூடி, அதன் மேல் தெருக்கள் வந்திருக்கின்றன. அதற்கு வெளியே பிறகு கட்டிய இரண்டாவது சுவர் இருந்த இடத்தில் இப்போது அகலமான சாலை வளையம். நடுவில் கோயில் மாதிரி பேராலயம். நான் மதுரைக்காரன். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகள் போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வட்டம் வட்டமாக ஊரைப் படித்த காலுக்கு இந்த ஊர் உடனே புரிந்துவிட்டது. அன்று கைபேசி வரைபடத்தை மூடிப் பைக்குள் போட்டேன். நடுவிலிருந்து எத்தனையாவது வளையம் என்று தெரிந்தால் போதும், வழி தப்பாது.

அறை கடைசியில் கிடைத்தது இணையத்தில் இல்லை. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில், அடியில் தொலைபேசி எண்களைக் கிழித்துக்கொள்ளும்படி வெட்டி ஒட்டியிருந்த ஒரு தாளில். எழுபது தாண்டிய ஓர் அம்மா. புர்ட்ஷைட் பகுதியில் தன் வீட்டிலேயே ஓர் அறை. போய் உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்டார். புகை பிடிப்பீர்களா, டிரம்ஸ் வாசிப்பீர்களா, குளிர்காலத்தில் ஜன்னலைத் திறப்பீர்களா. மூன்றாவதற்குத்தான் விழித்தேன். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் தினமும் இரண்டு முறை ஜன்னலை அகலத் திறந்து காற்றை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று செய்தே காட்டினார். சரி என்றேன். அந்த நீளப் பெயர்க் காகிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. மதம் என்ன என்று ஒரு கேள்வி வந்தபோது மட்டும் கொஞ்சம் திடுக்கிட்டேன். விஷயம் வேறு ஒன்றுமில்லை. கிறிஸ்தவ சபை உறுப்பினர் என்றால் பிறகு சம்பளத்தில் சபை வரி பிடிப்பார்களாம், அதற்காகக் கேட்பது.

முகவரி வந்ததும் கடிதங்கள் வரத் தொடங்கின. வரி எண் ஒரு கடிதம், வங்கி அட்டை ஒன்று, அதன் ரகசிய எண் தனியாக ஒன்று. ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டு என்று ஒரு கடிதம் வந்து வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு ஒன்று கட்டினால் போதும், நான் கட்டுகிறேன், என் எண்ணை எழுதி அனுப்புங்கள் என்று வீட்டுக்கார அம்மா முடித்துவைத்தார். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் சரியான முகவரிக்கு வந்த கடிதமும் திரும்பிப் போய்விடும்.

பெயர் என்றதும் இன்னொரு கூத்து. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அப்பா பெயர். அதனால் எல்லாக் கடிதமும் அப்பாவுக்கே வந்தது. பேராசிரியர் அப்பாவை அழைத்தார், வங்கி அப்பாவுக்கு வணக்கம் சொன்னது. வீட்டுக்கார அம்மாவும் ‘திருவாளர்’ போட்டு அப்பா பெயரைச் சொல்லி, ‘நீங்கள்’ என்றே பேசினார். ஊரில் போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

சமையல்தான் எனக்கு இருந்த பெரிய பயம். முதல் மாதம் ரொட்டியும் முட்டையும்தான். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியவில்லை. நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற மாதம் அது. ஆசியக் கடையில் வாங்கிய துவரம்பருப்பை வேகவைத்து, கடுகு, வரமிளகாய், பெருங்காயம் போட்டுத் தாளித்தேன். கடுகு வெடித்து முடிவதற்குள் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீடே அதிரக் கத்தியது. ஓடிவந்த வீட்டுக்கார அம்மா நாற்காலி மேல் ஏறி அதை அடக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைச் சுளித்தபடி மேசைக்கு வந்தார். சட்டியைப் பார்க்கவில்லை. மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு ஒரு சொல் சொன்னார்: “டொய்ஃபெல்ஸ்ட்ரெக்.”

திட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். திட்டு இல்லை, பெருங்காயத்துக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். சாத்தானின் மலம் என்று அர்த்தம். தன் பாட்டி காலத்து மருந்துக் கடையில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். “இந்த ஊருக்குச் சாத்தான் புதுசு இல்லை” என்று உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். பேராலயம் கட்டக் காசு தீர்ந்ததும் ஊரார் சாத்தானிடம் கடன் வாங்கினார்கள். முதலில் உள்ளே நுழையும் ஆத்மா தனக்கு என்பது அவன் நிபந்தனை. ஊரார் ஓர் ஓநாயை உள்ளே விரட்டிவிட்டார்கள். ஏமாந்தவன் கோபத்தில் வெண்கலக் கதவை அறைந்து சாத்த, அவன் கட்டைவிரல் அதிலேயே சிக்கிப் பிய்ந்துபோனது. இன்னொரு தடவை ஊரையே மணலால் மூட மூட்டை தூக்கி வந்தவனிடம், ஒரு கிழவி தேய்ந்த செருப்பைக் காட்டி, “ஆஃகனில் வாங்கும்போது இது புதுசு, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன்” என்றாளாம். அவன் மலைத்துப்போய் மணலைக் கொட்டிவிட்டுப் போனான். அதுதான் வடக்கே இருக்கும் லௌஸ்பெர்க் குன்று.

மறுநாள் பேராலயம் போனேன். 1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த பன்னிரண்டு இடங்களில் ஒன்று. மாமன்னர் சார்லஸ் 814-ல் புதைக்கப்பட்ட இடம். 936 முதல் 1531 வரை ஜெர்மன் அரசர்கள் முடிசூடிய இடம். எண்கோண மண்டபத்தைப் பார்க்காமல், வாசல் கதவில் இருக்கும் சிங்கமுகத்தின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். கட்டைவிரல் மாதிரி ஒன்று கையில் தட்டுப்படத்தான் செய்கிறது. ஓநாய்ச் சிலையும் உள்ளேயே இருக்கிறது, மார்பில் ஓட்டையோடு. எனக்கென்னவோ அது கரடி மாதிரிதான் பட்டது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எலிசபெத் நீரூற்று. தூண்கள் வைத்த அழகான மண்டபம், உள்ளே வெந்நீர் ஊற்று, பக்கத்தில் போனால் கெட்டுப்போன முட்டை வாடை. பூமிக்கு அடியிலிருந்து வரும் கந்தகம். ரோமானியர்கள் இந்த வெந்நீருக்காகத்தான் இங்கே வந்து தங்கினார்கள். எங்கள் புர்ட்ஷைட் பக்கம் ஊற்று எழுபது டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. இந்த வாடையோடு இரண்டாயிரம் வருஷம் குடியிருந்தவர்களிடம் பெருங்காயத்துக்காக நான் ஒரு மாதம் பயந்திருக்கிறேன்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியான பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, சத்தம் கேட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலும் பச்சை, பழுப்பு, வெள்ளை என்று மூன்று தொட்டி. மூன்றையும் கலந்திருந்தேன்.

கார்னிவல் சமயத்தில் ஒரு நண்பன் கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒண்ணாப்பு முதல் அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்கு. தெருக்கோடியைக் கைகாட்டி, “கழிப்பறை அந்தப் பக்கம்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அது க்ளென்கெஸ், ஆஃகன்காரர்களின் வணக்கம். ஊசி ஆலைகள் நடந்த காலத்தில் கோணலான ஊசியைச் சுண்டுவிரலால் தள்ளிவிடுவார்களாம், அதிலிருந்து வந்தது. ஹோல்ட்ஸ்கிராபனில் அதற்குச் சிலையே இருக்கிறது. அதுவும் ஓர் அகழித் தெரு. இன்றுவரை நான் அந்த விரலைத் தூக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வதிவிட அட்டை மார்ச்சில் கைக்கு வந்தது. கைரேகை கொடுத்து, நூறு யூரோ கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. வீட்டுக்கு வந்து வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாவது வரியில் இருந்த என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பார்த்தார். “இதுதான் நீயா?” என்றார். ‘நீங்கள்’ அன்றைக்குப் போனது. அப்பாவும் அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார்.

ஆகஸ்டில் மதுரைக்கு மூன்று வாரம் போகப் புறப்பட்டபோது ஒரு துண்டுத் தாளைக் கையில் கொடுத்தார். பேருந்தில் ஏறிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். வாங்கி வர வேண்டியவை என்று மேலே அடிக்கோடு போட்டுத் தலைப்பு. கீழே ஒரே ஒரு வரி: டொய்ஃபெல்ஸ்ட்ரெக், சின்ன டப்பா.